சண்டையே இல்லாத வீடு

பொற்கொடியின் வீட்டில் மூன்று வருடங்களாக ஒரு சண்டைகூட நடக்கவில்லை. கருமத்தம்பட்டியில், தறிக்கூடங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்த வரிசை வீடுகளில் வேறெந்த வீட்டைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சின்னான் குடித்துவிட்டு வந்தால் தெரு முனை வரைக்கும் தெரியும். எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் குழாயடியில் தொடங்கியதை மொட்டை மாடியில்தான் முடிப்பார்கள். பொற்கொடியின் வீட்டிலிருந்து மிக்ஸி ஓடுவதும் டிவி ஓடுவதும் தவிர வேறொன்றும் கேட்காது. "படிச்ச குடும்பமாட்ட இருக்கறாங்க" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பொற்கொடி படித்தது எட்டாவது. அவள் புருசன் ரூபன் பத்தாவது. ஆனாலும் அந்தப் பேச்சு காதுக்கு வந்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சண்டை இல்லாததன் காரணம் எளிது. புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை.

அது தொடங்கிய விதத்தை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரே மகள் மதிவதனிக்குப் பதின்மூன்று வயதில் தெரட்டிச் சீர் வைத்தார்கள். பெண் பெரியவளானதும் சனத்தைக் கூட்டிச் செய்கிற அந்தச் சீரில் முதல் தட்டு தாய்மாமன் வைக்க வேண்டும். பொற்கொடியின் தம்பி ராசப்பன்தான் தாய்மாமன். அவிநாசியிலிருந்து தட்டுகளோடு டெம்போவில் கிளம்பியவனுக்கு வழியில் டயர் பஞ்சரானது. நல்ல நேரம் போய்விடும் என்று சொல்லி, ரூபனின் அக்கா சின்னாத்தாள் தன்னுடைய தட்டை எடுத்து முதலில் வைத்துவிட்டாள். வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த ராசப்பன் அதைப் பார்த்தான். மண்டப வாசலைத் தாண்டவில்லை.

"எங்கக்கா புள்ளைக்கு நான் ரெண்டாந்தட்டு வெக்கறதுக்கு வல்லீங்க மச்சான்," என்றான்.

"வெக்கறதுன்னா வை. இல்லீனா எடுத்துட்டுப் போ. உனக்காவ நேரம் நிக்குமா?" என்றான் ரூபன்.

"என்ற தம்பியப் போகச் சொன்னா நானும் போறனுங்க," என்றாள் பொற்கொடி.

"போ."

அவள் போனாள். வெளிக்கதவு வரைக்கும் தம்பியோடு போய்விட்டு, மகள் மேடையில் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி வந்தாள். கன்னத்தில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக மதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடந்தது முழுவதையும் பார்த்திருந்தாள். கூடியிருந்த அத்தனை சனத்தில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நின்றது பேச்சு. அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவன் காத்திருந்தான். அவன் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். ரோசம் என்பது பெரிய சொத்து என்று இரண்டு பேருக்கும் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்களும் அதற்கு எண்ணெய் ஊற்றினார்கள். "விட்டுக் குடுத்தராத பொற்கொடி" என்று இவள் பக்கமும், "பொம்பளகிட்ட எறங்கிப் போனா அப்பறம் மதிப்பிருக்காது" என்று அவன் பக்கமும். ஒரே கூரையின் கீழ் பேசாமல் வாழ்வதை இந்த ஊரில் யாரும் நோயாக நினைப்பதில்லை. அதற்கு மரியாதை என்று பெயர்.

பேசாமல் இருக்கலாம். பேசாமல் குடும்பம் நடத்த முடியாது. அதற்குத்தான் மதி இருந்தாளே.

"அப்பாவுக்குக் கொழம்பு சூடு பண்ணட்டுமான்னு கேளு கண்ணு," என்பாள் பொற்கொடி. ரூபன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

"வேண்டாமுன்னு சொல்லு கண்ணு," என்பான் அவன்.

இரண்டு பேரும் மகளிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்குக் கார் ஓட்டும் ரூபன், வேலைக்குப் போன பிறகும் மதியின் போனுக்குத்தான் கூப்பிடுவான். "இன்னிக்கு லேட்டாவும்னு அம்மாகிட்டச் சொல்லீரு." பனியன் கம்பெனியில் துணி பார்க்கும் வேலையிலிருந்த பொற்கொடி, சாப்பாட்டு நேரத்தில் மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவாள். "கேஸ் புக் பண்ணச் சொல்லு." பள்ளிக்கூடத்துக் கழிவறையில் நின்று மதி இரண்டையும் கேட்டு, இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினாள். பதினொன்றாம் வகுப்பு வந்தபோது அவளுக்கு இது பழகிவிட்டது என்றுதான் பெற்றவர்கள் நினைத்தார்கள்.

அந்த வருடம்தான் அவள் மெல்ல மெல்ல அணையத் தொடங்கினாள். முதலில் தூக்கம். பள்ளிவிட்டு வந்தால் யூனிபார்மோடு படுத்துவிடுவாள். பிறகு சாப்பாடு குறைந்தது. தலை வாருவது நின்றது. கோழிக்குழம்பு வாசனைக்கு ஓடிவருகிற பெண், "எனக்கு ஒண்ணுமே தோணலமா" என்றாள். கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். போன்தான் காரணம் என்றான் ரூபன், மகள் வழியாகவே. திமிர் என்றார்கள் ட்யூஷனில். காத்துப் பட்டிருக்கிறது என்று சின்னாத்தாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிக் கொண்டுவந்து விட்டாள். மதியோடு படிக்கிற மேக்னாதான் ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னாள்: "காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்னு சொல்றா மிஸ்."

ஆசிரியை அதைப் பொற்கொடிக்குப் போனில் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தாள். முதல்வர் தன் அறையில் அவளை உட்காரவைத்துப் பேசினார்.

"பப்ளிக் எக்ஸாம் வர்ற வருசம். நீங்க டி.சி. வாங்கிட்டு, கொஞ்ச நாள் வீட்ல வெச்சுப் பாருங்களேன்."

"எதுக்குங்க டி.சி.?"

"மத்த பிள்ளைங்க இருக்காங்கம்மா. ரிசல்ட் இருக்கு."

"அப்ப அதையே எழுதிக் குடுத்துருங்க மேடம். இன்ன காரணத்துக்காகப் புள்ளைய அனுப்பறோம்னு, கையெழுத்துப் போட்டு."

முதல்வர் எழுதிக் கொடுக்கவில்லை. டி.சி. பேச்சும் அதோடு நின்றது. ஆனால் வெளியே வந்தபோதுதான் பொற்கொடிக்கு அது உறைத்தது. எந்திரிக்காமலே போக வேண்டும் என்று தன் மகள் சொன்ன வார்த்தையை, அந்த அறையில் யாரும் ஒரு முறைகூட வாயால் சொல்லவில்லை. ரிசல்ட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

மறுநாளே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிப்போனாள். மனநலப் பிரிவில் டாக்டர் நிதானமாகத்தான் கேட்டார். "வீட்ல ஏதாவது சண்டை, சச்சரவு?"

"எங்கூட்ல சத்தமே இருக்காதுங்க டாக்டர். மூணு வருசத்துல ஒரு சொல்லு ஓங்கிப் பேசினதில்லீங்க," என்றாள் பொற்கொடி. அவள் பொய் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். படிப்பு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு, ஓய்வும் நடையும் சொல்லி அனுப்பினார். ஊர் மெச்சிய நல்ல பெயரைத் தூக்கி வைத்தியர் முன்னால் வைத்த அந்த ஒரு பதிலால் வைத்தியம் வேறு பக்கம் போனது. மாத்திரையால் மதிக்குத் தூக்கம் சற்றுச் சீரானது. மற்றபடி அவள் அப்படியே இருந்தாள்.

அடுத்தடுத்துப் போனபோது டாக்டர் அவர்களை ஆலோசகரிடம் அனுப்பினார். ரம்ஷா என்ற இளம்பெண். முதலில் மதியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். இரண்டு முறை மதி வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை தாயையும் உள்ளே கூப்பிட்டாள்.

"நீங்களும் சாரும் பேசிக்கிறதில்லைன்னு பாப்பா சொல்லுச்சும்மா."

பொற்கொடிக்கு முகம் சிவந்தது. வீட்டு விசயம் வெளியே போய்விட்டதே என்ற கோபம்தான் முதலில் வந்தது. "அதெல்லாம் பெரிய விசயமில்லீங்க. பேச்சு இல்லையே தவிர, மனசுல ஒண்ணுமில்லீங்க அவருக்கு. என்ற கால்வலி எப்படியிருக்குன்னு புள்ளகிட்டக் கேட்டு உடுவாருங்க. போன மழைக்கு ஒரு தைலம் வாங்கியாந்து குடுத்து உட்டாருங்க. கம்பெனில நின்னுட்டே வேலைங்களா, அது தெரிஞ்சு..."

"அது நாந்தாம்மா," என்றாள் மதி.

"எது?"

"தைலம். நான் வாங்கினேன்."

"அப்ப கால்வலி கேட்டது?"

மதி தன் கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எல்லாமே நாந்தாம்மா. அப்பா ஒண்ணுமே சொல்லமாட்டாரு. சொன்னாலும் அத அப்படியே உங்ககிட்டச் சொல்ல முடியாது."

மதி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா பக்கத்தில் இல்லாதபோது அப்பாவிடமும் அப்படித்தான். ஈரல் துண்டை அம்மா உங்களுக்கென்று எடுத்துவைத்தார்கள் என்று சொல்லித் தட்டில் வைப்பாள். லேட்டாக வந்தால் அம்மா பயந்துகொண்டிருந்தார்கள் என்பாள். 'அவ ஆக்கினது எனக்கு வேண்டாம்' என்று ரூபன் போனில் சொன்னால், 'அப்பா வெளிய சாப்ட்டாச்சாம்' என்று வந்து சொல்வாள். 'இருந்தா என்ன, செத்தா என்ன' என்று பொற்கொடி ஒரு நாள் சொன்னதற்கு, 'அம்மா பாத்து வரச் சொன்னாங்க' என்று போய்ச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். மாறிப்போய்விட்டால் இருவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாடம் தலையில் ஏறாமல் போனது அதனால்தான்.

"எதுக்குக் கண்ணு இதையெல்லாம் நீ..."

"நான் பெரியவளானதாலதான சண்ட வந்துச்சு. நாந்தான சரி பண்ணோணும்."

வீடு திரும்பும்போது அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே பேருந்து ஊர்ந்தது. மதி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். தட்டைத் தூக்கி வைத்த சின்னாத்தாள் மேல். வாசலில் விறைத்துக்கொண்டு நின்ற தம்பி மேல். 'போ' என்ற அந்த ஒற்றைச் சொல் மேல். பெண்ணை அனுப்பிவிடப் பார்த்த பள்ளிக்கூடத்தின் மேல். கடைசியில் எல்லாம் ஓரிடத்தில் வந்து முட்டியது. மூன்று வருடமாகப் புருசன் உள்ளுக்குள் இளகிக்கொண்டிருக்கிறான் என்று நம்பி, அந்த நம்பிக்கையைச் சாப்பிட்டுத்தான் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். அதைச் சமைத்துப் போட்டது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். தன்னிடம் மிச்சமிருந்தது எல்லாவற்றையும் போட்டு இரண்டு பெரியவர்களுக்குச் சமைத்துவிட்டு, அந்தப் பெண் வெறும் பாத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தாயும் தகப்பனும் சேர்ந்து வர வேண்டும் என்று ரம்ஷா சொல்லி அனுப்பியிருந்தாள். மாத்திரையை எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். இதை ரூபனிடம் யார் சொல்வது? வீட்டில் இருந்த ஒரே வழி மதி. அந்த வழியில் இனி ஒரு சொல் அனுப்பக் கூடாது என்று பொற்கொடி முடிவு செய்தாள். ஆனால் நேரே பேசவும் நாக்கு எழவில்லை. ஒவ்வொரு முறையும் 'முதல்ல அவரு பேசட்டுமே' என்று பழைய எண்ணம் வந்து தடுத்தது. இப்படியே சனிக்கிழமையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அன்னூரிலிருந்து சின்னாத்தாள் காரில் வந்து இறங்கினாள். பொற்கொடி இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். மதி கூடத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரூபன் எதிரே நாற்காலியில் இருந்தான். வந்ததும் வராததுமாகச் சின்னாத்தாள் மாடத்திலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதையா திங்கற நீயி? பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரை இது. நாளைக்கு எவன் கட்டுவான் உன்ன?" என்றவள், அட்டைகளைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ரூபன் தொண்டையைச் செருமினான். "கண்ணு, அம்மாகிட்டச் சொல்லீரு. இன்னிக்கு உன்ன அத்தை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும். ஸ்கூலுக்கு நான் பேசிக்கறேன். மாத்திரையெல்லாம் வேண்டாமுன்னு சொல்லு."

தன்னை அனுப்புகிற செய்தியையும் அந்தப் பெண்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மதி தலை நிமிரவில்லை.

"சொல்லு கண்ணு."

"அம்மாவுக்குக் கேட்டிருக்கும்பா," என்றாள் மதி. குரல் பாதிதான் வெளியே வந்தது.

"பாத்தியாடா எதுத்துப் பேசறத? எல்லாம் மாத்திரை செய்யற வேலை," என்றாள் சின்னாத்தாள்.

பொற்கொடி கையிலிருந்த இட்லித் தட்டைத் தரையில் வைத்தாள்.

"ஏனுங், உங்களத்தான். இங்க பாருங்க."

ரூபன் முதலில் மகளைத்தான் பார்த்தான். பிறகுதான் தன்னைக் கூப்பிடுகிறாள் என்பது அவனுக்கு உறைத்தது.

"என்ற கால்வலி எப்படியிருக்குன்னு நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?"

"என்ன கால்வலி?"

"கேக்கலீல்ல. உங்க பேரச் சொல்லி அவ கேட்டா. மூணு வருசமாக் கேட்டா. உங்களுக்கு நான் ஈரல் எடுத்து வெச்சனா? நான் வெக்கல. அவ வெச்சா. நீங்க லேட்டா வந்தா நான் பயந்துட்டு உக்காந்திருந்தனா? நான் கதவச் சாத்திட்டுத் தூங்கினேன். பயந்துட்டு உக்காந்திருந்தது அவ."

"கண்ணு, நெசமா?" ரூபன் மதியின் பக்கம் திரும்பினான்.

"அவகிட்டக் கேக்காதீங்க. எங்கிட்டக் கேளுங்க."

"ஏம்மணி, புருசங்கிட்டப் பேசற பேச்சா இது?" சின்னாத்தாள் எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி. மூணு வருசம் பேசாம இருந்தப்ப வந்து கேட்டீங்களா? இப்பப் பேசறதுக்கு வாரீங்க."

"எல்லாத்துக்கும் காரணம் உன்ற தம்பி," என்று ரூபன் குரலை உயர்த்தினான். அவனுக்கும் மூன்று வருடத்துக் கோபம் இருந்தது. "பஞ்சராச்சுன்னா ஒரு போன் பண்ண மாட்டானா? சபையில என்ன நிக்க வெச்சுட்டு நீ அவங்கூடப் போன. நீ போனியா இல்லியா?"

"போனேன். அது தப்பு. நீங்க 'போ'ன்னது தப்பு. உங்கக்கா தட்டு வெச்சது தப்பு. என்ற தம்பி வாசல்ல நின்னது தப்பு. யோவ், நாம நாலு பேரு பண்ணினதுக்கு, தான் வயசுக்கு வந்ததுதான் தப்புன்னு அந்தப் புள்ள நெனச்சுட்டு இருக்குதய்யா. காலைல எந்திரிக்கவே வேண்டாமுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்குது. உனக்குத் தெரியுமா அது? யாரு சொல்வாங்க உனக்கு? அவளேதான் வந்து சொல்லோணும், 'அப்பா, நான் சாகோணும்னு நெனைக்கறேன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க'ன்னு."

பக்கத்து வீட்டுச் சின்னான் தன் வாசலுக்கு வந்து நின்றான். எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே ஜன்னலில் தெரிந்தார்கள். பொற்கொடி அவர்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

மதியின் தட்டில் பிட்டு வைத்த இட்லி அப்படியே இருந்தது. ரூபன் எழுந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்காளின் பக்கம் கையை நீட்டினான்.

"அத இங்க குடுக்கா."

"என்னடா?"

"மாத்திரைய."

"இவ பேச்சக் கேட்டுட்டு..."

"குடுக்கா. புள்ள எங்கயும் வரல. நீ இட்லி சாப்புட்டுட்டுப் போ."

சின்னாத்தாள் இட்லி சாப்பிடவில்லை. அட்டைகளை நாற்காலியில் எறிந்துவிட்டு, இனி இந்த வாசலை மிதித்தால் பார் என்று சொல்லிக் காரில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

ரூபன் அட்டைகளை எடுத்து அடுக்கினான். பழக்கத்தில் மதியின் பக்கம் திரும்பினான். வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு பொற்கொடியைப் பார்த்தான்.

"இது எப்பக் குடுக்கறது?"

"சாப்புட்டப்பறம்."

"இதுல ரெண்டு இருக்குது."

"வெள்ளை காலைல. சின்னது ராத்திரிக்கு. மகளுக்கு என்ன மாத்திரைன்னு இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

"நீ சொன்னியா எனக்கு?"

"சொல்லல. இப்பச் சொல்றேன். செவ்வாக்கெழமை பெரியாஸ்பத்திரிக்கு வரோணும். நீங்களும்."

"டூட்டி இருக்குது."

"லீவு சொல்லுங்க."

மதி தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ரூபன் அந்தக் கதவைப் பார்த்தபடி போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். தெருவில் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். வெளியே போய்ப் பேசவில்லை.

"சார், செவ்வாக்கெழமை எனக்கு லீவு வேணுங்க. புள்ளைக்கு மனசு சரியில்லீங்க. இல்லீங், காய்ச்சல் இல்லீங். மனசுங்க. ஆஸ்பத்திரியில அப்பாவும் வரோணும்னு சொல்லியிருக்கறாங்க."

"ஒரு நாள்ல முடியாது. இன்னும் பல வாட்டி போகோணும்னு சொல்லுங்க," என்றாள் பொற்கொடி. அவள் கோபம் இம்மியும் குறைந்திருக்கவில்லை.

அவன் அதையும் போனில் சொன்னான்.